ஒட்டுறதுக்கு ஒரு பிடி மா

உடம்புக்கு நல்லது என்று பெயரெடுத்த சாப்பாடு எதுவும் தானாக வெந்து, தானாக வந்து கோப்பையில் உட்காருவதில்லை. யாரோ ஒருத்தி அதைப் புடைக்க வேண்டும், அரைக்க வேண்டும், ஆய வேண்டும், அடுப்பை ஊத வேண்டும். வன்னியில், ஜெயபுரத்தில் சுடலைமுத்துவின் வீட்டில் அந்த ஒருத்தி பிரேமிளா. வயது இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஆனால் கொஞ்ச நாளாக அவளைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் அறுபது என்று மதிப்பிட்டார்கள். மறுத்துச் சொல்லவும் அவளுக்குத் தெம்பிருக்கவில்லை.

சுடலைமுத்து அவளுடைய கணவர். லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினை ஓட்டி, அந்தப் பக்கத்து வயல்களில் பாதியை உழுதவர். சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய் வந்து பல வருடமாயிற்று. குளிசை போடுவார், மறப்பார், மறந்ததையும் மறப்பார். ஒருநாள் உழவு முடிந்து வந்து கால் கழுவும்போது வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு வெட்டு இருந்தது. எதில் வெட்டியது, எப்போது வெட்டியது என்று அவருக்கே தெரியவில்லை. காலில் சுரணை அந்த அளவுக்குப் போயிருந்தது.

அந்த வெட்டு ஆறவில்லை. மழைக்காலம் முடிந்து வெயில் வந்தும் ஆறவில்லை. சீனி இறங்காவிட்டால் புண் ஆறாது, புண் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார். அவர் வேறு பலதும் சொன்னார். பிரேமிளாவின் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். ஷெல்லடிக்குத் தப்பி, முகாமுக்குத் தப்பி வந்து சேர்ந்த கால் அது. அது ஒரு கோப்பைச் சோற்றுக்குப் போவதா?

"சோறைக் குறைச்சுப் போடுங்கோ அக்கா," என்றாள் ஜெயரூபி. அவள் கிளினிக்கின் தாதி, புண்ணைக் கழுவிக் கட்டுகிறவள். "குரக்கன், கீரை, பயறு கூடக் குடுங்கோ. அது நல்லது."

குறைப்பது, கூட்டுவது எல்லாம் பிரேமிளாவுக்கு வராது. ஒன்றைச் செய்தால் முழுக்கச் செய்வாள், விட்டால் முழுக்க விடுவாள். அன்றோடு அந்த வீட்டில் சோற்றுப் பானை அடுப்பில் ஏறவில்லை. மகள் தனுஷா கலியாணம் கட்டி வவுனியாவுக்குப் போய்விட்டதால், சோறு இல்லையா என்று கேட்கவும் வீட்டில் வேறு ஆளில்லை. அவருக்கு இல்லாதது எனக்கெதற்கு என்று பிரேமிளாவும் விட்டுவிட்டாள். வெயிலில் கச்சான் கடலை பிடுங்கப் போகிற உடம்பு சோறு கேட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில்தான் பொதுநோக்கு மண்டபத்தில் சமையல் வகுப்பு ஒன்று நடந்தது. நடத்த வந்தவர் ராஜினி என்கிற வெளிநாட்டுக்காரி. பிறந்தது கிளிநொச்சிதான், பேசியதும் நல்ல தமிழ்தான். ஒரு பெரிய வருத்தத்திலிருந்து சாப்பாட்டை மாற்றித் தேறி வந்ததாகச் சொன்னார். மக்ரோபயோட்டிக் என்று அதற்கு ஒரு பெயர். தீட்டாத தானியம், அந்தந்த மண்ணில் அந்தந்தக் காலத்தில் விளைவது, கீரை, பருப்பு வகை, கொஞ்சம் எண்ணெய், சீனி அறவே இல்லை. ஒவ்வொரு வாயையும் தண்ணீராகும்வரை மெல்ல வேண்டும். வந்திருந்த பெண்கள் மேசையில் வரிசையாக இருந்த சின்னச் சின்னக் கிண்ணங்களைப் பார்த்து, இத்தனையையும் யார் கழுவுவது என்று தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்கள். பிரேமிளா முணுமுணுக்கவில்லை. முன் வரிசையில் இருந்து வாயைப் பார்த்துக் கேட்டாள். கேட்டதெல்லாம் சரியான விஷயம்தான், அதில் ராஜினியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தீட்டின தானியம் கூடாது என்று அவர் சொன்னபோது எல்லோருக்கும் வெள்ளைப் பச்சையரிசிதான் கண்ணில் வந்தது. கடையில் பையில் கட்டி விற்கிற கோதுமை மாவும் ஒரு தானியத்தைத் தீட்டி வந்ததுதான் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ராஜினிக்கோ, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து பிரேமிளாவின் பாடு தொடங்கியது. வளவின் பின்பக்கத்தில் அவள் விதைத்திருந்த குரக்கன் என்கிற கேழ்வரகு அந்த வருடம் நன்றாக விளைந்திருந்தது. அதை அடித்து, புடைத்து, கல் பொறுக்கி வைத்தாள். அரைப்பதற்கு ஊரில் ஒரு மில் இருக்கிறது. ஆனால் அங்கே முக்கால்வாசி நேரமும் மிளகாய்தான் அரைபடும். கொஞ்சமாகக் குரக்கன் கொண்டுபோனால் முன்னால் அரைத்தவர்களின் மிளகாய்த் தூளும் சேர்ந்து வரும். ஒரு தடவை அப்படி வந்த மாவில் செய்த களியைத் தின்று சுடலைமுத்து கண்ணீரோடு முற்றத்துக்கு ஓடினார், புண் காலோடு. அதன்பிறகு திரிகைதான். இரண்டு வட்டக் கல், மேல்கல்லில் ஒரு கட்டைப் பிடி. குரக்கன் கடுகை விடச் சின்னத் தானியம். திரிகையில் போட்டால் அரைபடுவதைவிட நழுவுவதுதான் அதிகம். ஒரு தரம் சுற்றி, அரிதட்டில் அரித்து, மறுபடி போட்டுச் சுற்ற வேண்டும்.

காலையில் முருங்கையிலை, முசுட்டையிலை, வல்லாரை என்று கிடைத்ததை ஆய்ந்து இலைக்கஞ்சியோ தேங்காய்ப்பூப் போட்ட வறையோ செய்துவிட்டுத் தோட்ட வேலைக்குப் போவாள். பின்னேரம் வந்து குளித்துவிட்டுத் திரிகையில் உட்காருவாள். சுடலைமுத்து எதிரே கதிரையில், காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு இருப்பார். அவர் உழவை விட்டு வீட்டோடு ஆகியிருந்தார். வலது தோளிலிருந்து முழங்கை வரை அவளுக்கு ஒரு வலி ஏறி, பிறகு இறங்காமலே தங்கிவிட்டது. தலை சீவக் கை தூக்கும்போது பல்லைக் கடிப்பாள்.

இவ்வளவு பாடுபட்டு அரைத்ததை அவர் தின்ன வேண்டாமா?

"ஏன் புள்ள, இது என்னா கருமம்? தொண்டையில எறங்க மாட்டேங்குது," என்றார். வெளியில் ஊரோடு ஒத்து ஓம் ஓம் என்று பேசினாலும், வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து கொண்டுவந்த பேச்சுத்தான்.

"மெல்லச் சொன்னாங்கல்ல, மென்னு தின்னுங்க."

"மெல்லுறதுக்குப் பல்லு வேணும்ல."

அதுவும் உண்மைதான். கடைவாயில் அவருக்கு மேலே இருந்த பல்லுக்குக் கீழே பல்லில்லை. ராஜினியின் வகுப்பில் இந்த இடம் வரவில்லை.

தனிக் குரக்கனில் ரொட்டி தட்டினாலோ கல்லில் போடும்போதே விண்டு போகும். அப்போதுதான் பிரேமிளா ஒட்டுவதற்கென்று ஒரு பிடி கோதுமை மா சேர்த்தாள். ரொட்டி உடையாமல் வந்தது. அவரும் முகம் சுளிக்காமல் தின்றார். மறுநாள் இரண்டு பிடி சேர்த்தாள், இன்னும் மெத்தென்று வந்தது. தோள் வலி கூடின நாட்களில் குரக்கன் கொஞ்சம் குறையும், மா கொஞ்சம் கூடும். இது யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததல்ல. அலுத்துப் போன கை எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் போகும். சில மாதத்தில், பார்ப்பதற்கு இலேசாகக் கறுத்த ரொட்டி, உள்ளே முக்காலும் வெள்ளை மா என்று ஆகிவிட்டது. அவள் மனதில் அதன் பெயர் அப்போதும் குரக்கன் ரொட்டிதான்.

மாவைச் சந்தேகப்பட அவளுக்கு வழியில்லை. அவளுடைய அம்மா தேயிலை மலைக்குக் கட்டிக்கொண்டு போனது ரொட்டி. எழுபத்தேழு கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டு வன்னிக்கு ஓடிவந்தபோது, காடு வெட்டின காலத்தில் அடுப்பில் வெந்தது ரொட்டி. இடம்பெயர்ந்த இடமெல்லாம் நிவாரணமாக வந்ததும் மாதான். அரிசி கைவிட்ட நேரத்திலெல்லாம் மா கைகொடுத்திருக்கிறது. அந்தக் குடும்பங்களில் சோறு தின்றால்தான் சாப்பாடு, ரொட்டி தின்றால் அது பசிக்கு ஏதோ வாயில் போட்டுக்கொண்டது. சாப்பாடே இல்லாத ஒன்று எப்படி உடம்பைக் கெடுக்கும்?

அதிலும் பெரிய கொடுமை ஒன்றிருக்கிறது. குரக்கன் மருந்து என்று அவள் நம்பினாள். மருந்து கூடக்கூட நல்லது என்றும் நம்பினாள். அவர் போதும் என்று கை காட்டினாலும் இன்னொன்றைப் போட்டாள்.

"வயிறு நெறஞ்சிருச்சு."

"மருந்துன்னு நெனச்சுத் தின்னுங்க. உங்க காலுக்குத்தானே?"

அவர் தின்றார்.

கிளினிக்கில் சீனி இறங்கவில்லை. ஏறியது. டொக்டர் இன்சுலின் ஊசியைக் கூட்டினார். வீட்டில் என்ன சாப்பாடு என்று ஜெயரூபி கேட்டபோதெல்லாம், "சோறு கண்ணிலயும் காட்டுறதில்லை மிஸ். குரக்கன் ரொட்டி, கீரை. அவ்வளவுதான்," என்று பிரேமிளா சொன்னாள். ஜெயரூபியும் நல்லது அக்கா, விடாமச் செய்யுங்கோ என்றாள். புண் விரலின் அடியிலிருந்து மேலே வந்தது. அதன் ஓரம் கறுக்கத் தொடங்கியது. பிரேமிளா கீரையை மாற்றிப் பார்த்தாள், பயறை முளைகட்டிப் பார்த்தாள், தேத்தண்ணீரிலிருந்து கடைசிக் கரண்டிச் சீனியையும் நிறுத்தினாள். இத்தனை செய்தும் ஏன் என்று கோயிலில் நின்று கேட்டாள். பின்னேரம் வந்து திரிகையில் உட்கார்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெயரூபி பூநகரிக்குப் போகிற வழியில், புண்ணைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பிரேமிளா குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா செய்யிறியள்?"

"குரக்கன் ரொட்டிதான் மிஸ். இருங்கோ, ஒண்டு சாப்பிட்டிட்டுப் போகலாம்."

ஜெயரூபி சட்டிக்குள் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வாய் திறந்து கிடந்த மாப் பையைப் பார்த்தாள்.

"அந்த வெள்ளை மா என்னத்துக்கு?"

"அது ஒட்டுறதுக்கு. இல்லாட்டி விண்டு போயிடும்."

"ஒட்டுறதுக்கோ? அக்கா, இதில ஒட்டுறதுக்குப் போட்டது குரக்கனெல்லோ? மிச்சமெல்லாம் மாவாக் கிடக்கு." அவள் குரல் மெல்ல இறங்கியது. "ஒரு நேரத்துக்கு எத்தினை சாப்பிடுவார்?"

பிரேமிளா சொன்னாள். மூன்று நேரமும் என்பதையும் சொன்னாள். மருந்துதானே என்று தான் கூட வைப்பதையும், கொஞ்சம் பெருமையோடுதான், சொன்னாள்.

ஜெயரூபி பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் கேட்டிருக்க வேணும் அக்கா," என்றாள். "குரக்கன் ரொட்டி எண்டு நீங்கள் சொல்லேக்க, நான் குரக்கன் எண்டே நினைச்சிட்டன். இந்த மா வெள்ளைச் சோறு மாதிரித்தான், சீனியை டக்கெண்டு ஏத்தும். தனிக் குரக்கன் எண்டாலும் அளவாத்தான் குடுக்க வேணும். சோறும் முழுக்க விடத் தேவையில்லை. ஒரு பிடி சிவப்பரிசிச் சோறு, மிச்சம் கீரையும் மரக்கறியும் எண்டு குடுத்திருக்கலாம்."

"அப்ப... நானோ மிஸ்? இவ்வளவு நாளும் நானோ?"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. காலில சுரணை போய்க் கனகாலம். இதால மட்டும்தான் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

அவள் ஆறுதலுக்குச் சொன்னாள். அது ஆறுதலுக்குச் சொன்னது என்று பிரேமிளாவுக்கும் தெரிந்தது. சட்டியில் இருந்த மாவைக் கோழிகளுக்குக் கொட்டினாள். கையில் ஒட்டியிருந்ததைக் கழுவக் கழுவப் போகவில்லை. அன்று அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அடுத்த கிளினிக்கிலேயே யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே பெருவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள். மிச்சப் பாதம் தப்புமா என்பது இனிமேல் சீனியைப் பொறுத்தது என்று சொல்லி அனுப்பினார்கள். வாகனத்தில் திரும்பி வரும்போது சுடலைமுத்து ஜன்னலோரம் சாய்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிரேமிளா அவருடைய காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இந்த மனிதனுக்கு எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படி இருப்பது என்பதுதான் சங்குப்பிட்டிப் பாலம் வந்தபோதும், அதைத் தாண்டி நெடுந்தூரம் வந்த பிறகும், அவள் மனதில் ஓடியது.

சொல்லாமல் ஒரு கிழமை இருந்தாள். காலையில் ஒரு பிடி சோறு, மத்தியானம் கீரை, பின்னேரம் தனிக் குரக்கனில் களி. கட்டின காலோடு கதிரையில் இருந்து அவர் களியை விழுங்கும்போது அவள் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள். எட்டாம் நாள் மத்தியானம், களை பிடுங்கிவிட்டு வந்தவள், குரக்கன் சுளகைக் கையில் எடுத்தாள். தோள் சுளீரென்று இழுத்தது. சுளகைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அந்த ரொட்டி. அதுல குரக்கன் கொஞ்சந்தான். மத்தது பூராவும் கோதும மாவு. அதுதான் சீனியை ஏத்தியிருக்கு. நான்தான் போட்டேன். வேணாம் வேணாம்ன்னவருக்கு நான்தான் ஊட்டி வுட்டேன். உங்க வெரலு போனது என்னாலதான்."

சுடலைமுத்து அவளைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார்.

"என்னா தெரியும்?"

"மாவுன்னு தெரியும். பொறந்ததுல இருந்து திங்கிற ரொட்டி புள்ள, வாய்க்குத் தெரியாதா?"

"அது கூடாதுன்னு தெரியாதுல்ல?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கிளினிக்குல நீ மருந்துக்கு லைன்ல நிக்கிறப்ப, என்னைய ஒரு வாங்குல ஒக்கார வைப்பியே. அதுக்கு நேரா செவத்துல படம் ஒட்டியிருக்கு. பாணு, பணிஸு, மாவுல செஞ்ச ரொட்டி எல்லாத்துக்கும் குறுக்கால செவப்புக் கோடு. ஒவ்வொரு மொறையும் அதைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிரேமிளா சுளகைத் தள்ளி வைத்தாள். பிறகு, "ஏன் சொல்லல?" என்றாள்.

"ருசியா இருந்திச்சு. பொய் சொல்லக் கூடாது." கட்டுப் போட்ட காலை நகர்த்தி வைத்தார். "அதுவும் இல்லாம, சொன்னா நீ சும்மா இருப்பியா? முழுக்கக் குரக்கன்லயே சுடுறேன்னு இன்னும் ரெண்டு மடங்கு அரைப்ப. கையைத் தூக்க முடியாம, தல சீவ முடியாம கெடக்குறவ. தெனமும் எனக்கு முன்னாலதானே ஒக்காந்து அரைக்கிற? பாக்கப் பாவமா இருக்கும் புள்ள."

இத்தனை மாதமும் தன் வலி ஒருவருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பல்லைக் கடித்துத் தலை சீவினதைக்கூடப் பார்த்திருக்கிறார். கலியாணம் கட்டின நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. பிரேமிளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழும்பிப் போய் அவர் பக்கத்தில் நிற்கலாம் போல இருந்தது. எழும்பினாள். எழும்பும்போது தோள் மறுபடி இழுத்தது. அந்த வலியோடு சேர்ந்து, அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது.

"பாவமா இருந்திச்சா?" என்றாள். "ஒக்காந்துகிட்டுப் பாத்தீங்களாக்கும்? என் கை நோகுதுன்னு உங்க காலைக் குடுத்தீங்களாக்கும்? ஏங்க, உங்க ரெண்டு கையும் எங்க போச்சு? புண்ணு வந்தது காலுலதானே?"

சுடலைமுத்து தன் கைகளைப் பார்த்தார். லாண்ட்மாஸ்டரின் கொம்பைப் பிடித்து மேட்டிலும் சேற்றிலும் மெசினை மடக்கித் திருப்பின கைகள். மாதக்கணக்காக அவை மடியில் சும்மா கிடந்தன. திரிகையில் ஆம்பிளை உட்கார்ந்து அந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. தானே அரைக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை. டொக்டருக்கும், ஜெயரூபிக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து மெல்லச் சொல்லிக் கொடுத்த ராஜினிக்கும் தோன்றவில்லை. இன்றுவரை பிரேமிளாவுக்கே தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

அவர் திரிகையைக் கை காட்டி, "அதை இங்கிட்டு இழுத்துப் போடு," என்றார்.

அவள் இடது கையால் இழுத்துப் போட்டாள். கட்டுப் போட்ட காலை ஒரு பக்கம் நீட்டி, மறு காலை மடக்கி, சுவரில் சாய்ந்து அவர் நிலத்தில் உட்கார்ந்தார். மேல்கல்லின் குழியில் குரக்கனை அள்ளிக் கொட்டினார். கல் அசையவில்லை.

"கொஞ்சங் கொஞ்சமாப் போடணும்," என்றாள்.

"சரி, நீ போ."

அவள் உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். உச்சிவெயில் நேரம். கூரைத் தகரம் சூட்டில் சடசடத்தது. மிச்சப் பாதம் தப்புமா என்று தெரியாது. நாளைக்கும் கீரை ஆய வேண்டும், களி கிண்ட வேண்டும், களைக்குப் போக வேண்டும். வெளியில் கல் கரகரவென்று சுற்றியது, நின்றது. கூப்பிடப் போகிறார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தாள். அவர் கூப்பிடவில்லை. கல் மறுபடி சுற்றத் தொடங்கியது. பிரேமிளா திரும்பிப் படுத்தாள், நோகாத தோள் கீழே வருகிற மாதிரி. அப்படியே தூங்கிப் போனாள்.